இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ மீன் இறங்கும் இடத்தில் எடுத்த கணக்கு ஒன்று எக்செல் தாளாகக் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேதி, படகு, வலை, கடலில் இருந்த நேரம், இறங்கிய கூடை. மொத்தம் 200 வரி. ஆய்வு மாணவர் முதல் வேலையாக ஹிஸ்டோகிராம் (எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று காட்டும் பட்டைப்படம்) போடுகிறார். அடுத்து, "சார், இதுக்கு எந்த மாடல் போடலாம்?" என்று கேட்கிறார். மாடல் என்றால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கான கணித வடிவம். இந்த இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய ஒரு கேள்வி விட்டுப்போகிறது. கூடை என்ற தலைப்பின் கீழே 76 இடத்தில் 0 இருக்கிறதே, அதை எழுதியபோது கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

ஹிஸ்டோகிராமின் வடிவத்தைப் பார்த்து மாடல் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண் பிறந்த விதம் தெரிந்தால் பாதி மாடல்கள் தாமாகவே விழுந்துவிடும். தெரியாவிட்டால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

கணக்கெடுப்பவர் கேட்கிறார்: "அண்ணே, இன்னிக்குப் பாடு எப்படி?" பதில் வருகிறது: "ஒண்ணும் இல்லப்பா, டீசலுக்கே கட்டல." தாளில் 0 ஏறுகிறது. ஆனால் படகில் குழம்புக்கு என்று ஒதுக்கி வைத்த நாலு கிலோ கவளை இருக்கலாம். 'ஒண்ணும் இல்ல' என்றால் ஏலத்துக்குப் போடும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். இது ஒரு வகை பூஜ்யம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதால் படகு கிளம்பவே இல்லை, அது இரண்டாவது வகை. மாசி மகம் தீர்த்தவாரி அன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் யாரும் தொழிலுக்குப் போகவில்லை என்றால் அதுவும் இதே கணக்கில் சேரும். கணக்கெடுப்பவருக்குக் காய்ச்சல், வரவில்லை, கட்டம் காலியாக இருந்தது, தட்டச்சு செய்தவர் காலி இடமெல்லாம் 0 என்று நிரப்பிவிட்டார் என்றால் அது மூன்றாவது. தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கேள்வி 'ஒரு நடைக்கு எவ்வளவு மீன்' என்றால் இரண்டாவது வகை வரிகள் வெளியே போக வேண்டும், ஏனென்றால் நடையே நடக்கவில்லை. 'ஒரு நாளைக்குத் துறைமுகத்துக்கு எவ்வளவு வரும்' என்றால் அவை இருந்தாக வேண்டும். அப்போது மாடல் இரண்டு பகுதியாகும்: போனதா இல்லையா என்பதற்கு லாஜிஸ்டிக் (ஆம், இல்லை என்பதன் நிகழ்தகவைக் கணிக்கும் முறை), போயிருந்தால் எவ்வளவு என்பதற்கு இன்னொன்று. ஹர்டில் மாடல் என்பது இதற்கு நெருங்கிய உறவு; அதில் முதல் பகுதி பூஜ்யமா இல்லையா என்று பார்க்கும். மூன்றாவது வகை பூஜ்யமே இல்லை. அது விடுபட்ட தரவு. அதைத் திரும்பக் காலி ஆக்கி வைப்பதுதான் முதல் வேலை.

இனி எண்ணுக்கு வருவோம். எல்லா வரியும் உண்மையில் கடலுக்குப் போன நடைகள்தாம் என்று சுத்தம் செய்தாகிவிட்டது. 200 நடை, சராசரி 6 கூடை, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 11, பூஜ்யம் 76. (இவை கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். மத்தி, கவளை போலக் கூட்டமாகத் திரியும் மீனில் இப்படிப்பட்ட சிதறல் ஆச்சரியமில்லை.) எண்ணிக்கைத் தரவு என்றதும் கை பாய்சான் பரவலுக்குப் போகும். பாய்சானில் சராசரியும் வேரியன்ஸும் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) சமமாக இருக்க வேண்டும். இங்கே சராசரி 6, வேரியன்ஸ் 121, இருபது மடங்கு. சராசரி 6 உள்ள பாய்சானில் பூஜ்யம் வரும் நிகழ்தகவு 0.0025. 200 நடையில் ஒரு பூஜ்யம்கூட வராமல் போகலாம். நம்மிடம் 76 இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் 'பூஜ்யம் மிகுந்த தரவு' என்று முடிவுகட்டி பூஜ்யங்களுக்கென்றே தனிப் பகுதி வைக்கும் ஜீரோ இன்ஃப்ளேட்டட் மாடலுக்குத் தாவுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். பாய்சானைவிட அதிகச் சிதறலை அனுமதிக்கும் நெகட்டிவ் பைனாமியல் பரவலில் வேரியன்ஸ் என்பது சராசரியோடு, சராசரியின் வர்க்கத்தை கே என்ற சிதறல் எண்ணால் வகுத்து வருவதைக் கூட்டியது. நம் எண்களைப் போட்டால் கே = 36 ÷ 115, அதாவது 0.313. இந்தப் பரவலில் பூஜ்யத்தின் நிகழ்தகவு, கே-யை கே-யும் சராசரியும் சேர்ந்த தொகையால் வகுத்து, அதைக் கே அடுக்குக்கு உயர்த்தினால் வருவது: 0.39. 200-இல் 78 பூஜ்யம். நாம் பார்த்தது 76. தனியாகப் பூஜ்யம் உற்பத்தி செய்யும் எந்த ஏற்பாடும் இந்தத் தரவுக்குத் தேவையே இல்லை. மீன் கூட்டமாக இருப்பதும், ஒருவர் வலையில் கொட்டி இன்னொருவர் வலையில் ஒன்றும் படாமல் போவதுமே எல்லாப் பூஜ்யத்துக்கும் காரணம். பூஜ்யம் நிறைய இருப்பது வேறு, சராசரிக்கும் சிதறலுக்கும் பொருந்தாமல் மிகுந்து இருப்பது வேறு. ஐந்து நிமிடக் கால்குலேட்டர் வேலையில் தெரிந்துவிடும் இதைச் செய்யாமல் சிக்கலான மாடலைப் பொருத்தி, அதன் 'பூஜ்யப் பகுதி'க்கு விளக்கம் தேடிப் பக்கம் பக்கமாக எழுதிய ஆய்வேடுகள் ஏராளம்.

பாய்சான் ஒன்றுக்கும் உதவாது என்று அர்த்தமில்லை. 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கேவிச் கொடுத்த பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்கு எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. 1875 முதல் 1894 வரை குதிரை உதைத்து இறந்த வீரர்கள். 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, 200 வரி, 122 மரணம். சராசரி 0.61, வேரியன்ஸும் 0.61. மாணவர்கள் வியந்து போவார்கள். பலர் கவனிக்காத செய்தி, அவரிடம் இருந்தது 14 பிரிவு என்பது. அமைப்பு வேறுபட்ட 4 பிரிவுகளை விலக்கிய பிறகு மிஞ்சிய 10-தான் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஒரே அளவு ஆபத்து, ஒன்றையொன்று பாதிக்காத அரிய நிகழ்வுகள்: பாய்சான் கேட்பது இதைத்தான். வங்காள விரிகுடா அப்படி நடந்துகொள்வதில்லை.

அடுத்த பழக்கம், எல்லாவற்றுக்கும் லாக் (மடக்கை) எடுப்பது. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் எல்லா எண்ணோடும் 1 கூட்டி லாக் எடுத்து, சாதாரண ரெக்ரஷன் (தரவுக்கு நேர்கோடு பொருத்துவது) ஓட்டிவிடுவார்கள். இந்த 1 எதில் 1? ஒரு கூடை 25 கிலோ என்று கொள்ளுங்கள். கூடையில் கணக்கு எழுதினால் 10 கூடைக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள லாக் தூரம் 2.40. அதே தரவைக் கிலோவில் எழுதினால் 250-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள தூரம் 5.53. மீன் மாறவில்லை, கடல் மாறவில்லை, அலகு மாறியதற்கே முடிவு மாறுகிறது என்றால் அந்த முறையில் ஏதோ பிசகு இருக்கிறது.

பூஜ்யமே இல்லாத தரவில் லாக் எடுப்பது குற்றமில்லை. அங்கே வேறொரு பள்ளம். லாக் அளவில் கிடைத்த சராசரியை அப்படியே திருப்பி எடுத்தால் வருவது இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), சராசரி அல்ல. லாக் அளவில் எச்சங்களின் (மாடல் விளக்காமல் விட்ட மிச்சங்களின்) திட்ட விலக்கம் 1 என்றால், இயல்நிலைப் பரவல் அனுமானத்தில், உண்மைச் சராசரி அதைப்போல் 1.65 மடங்கு. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு மொத்த மீன்வரத்தைக் கணித்தால் 40 சதவீதம் குறைவாகச் சொல்வீர்கள். லாக் இணைப்புள்ள ஜிஎல்எம் (பொதுமைப்படுத்திய நேரியல் மாடல்) இந்தத் தொல்லையைத் தராது. அது சராசரியின் லாக்கை மாடல் செய்கிறது, லாக்கின் சராசரியை அல்ல. புள்ளியியலாளர்கள் நெல்டரும் வெடர்பர்னும் 1972-லேயே இதற்கு வழிகாட்டியும், லாக் கூட்டல் 1 இன்னும் கல்லூரிக்குக் கல்லூரி ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடை என்பது உண்மையில் எண்ணிக்கைதானா என்பதையும் கேட்க வேண்டும். அரைக் கூடையை ஒருவர் 1 என்று எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். நெத்திலிக் கூடையும் வஞ்சிரமும் ஒரே நிறுவையில் வராது. எடை கிலோவில் துல்லியமாகக் கிடைத்தால் எண்ணிக்கைப் பரவல்களை விட்டுவிட்டு ட்வீடி பரவலைப் பார்க்கலாம். அதன் அடுக்கு (சராசரியோடு வேரியன்ஸ் எந்த அடுக்கில் வளர்கிறது என்பது) 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும்போது அது பூஜ்யத்தையும் தொடர் எண்களையும் ஒன்றாகத் தாங்கும். ஆனால் கிலோ நெடுவரிசையில் 50, 100, 150 என்று எண்கள் குவிந்து நின்றால் அது நிறுத்த எடை இல்லை, கண்மதிப்பு. அப்போது நுணுக்கமான பரவல் பார்த்துப் பயனில்லை.

கடலில் இருந்த நேரத்தை என்ன செய்வது? 6 மணி நேரம் இருந்த படகையும் 14 மணி நேரம் இருந்த படகையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மணிக்கு இத்தனை கூடை என்று வகுத்துவிட்டால் எண்ணிக்கைத் தன்மை போய்விடும். நேரத்தின் லாக்கை ஆஃப்செட் ஆகக் கொடுங்கள், அதாவது கெழு 1 என்று கட்டிப்போடுங்கள். பிறகு ஒருமுறை கட்டை அவிழ்த்தும் பாருங்கள். கெழு 0.6 என்று வந்தால், நேரம் இரண்டு மடங்கானால் மீன் 1.5 மடங்குதான் ஆகிறது என்று பொருள். வலை நிரம்பிய படகு சீக்கிரம் கரை திரும்புகிறதா, மீன் இல்லாத படகு அலைந்துகொண்டே இருக்கிறதா என்று துறைமுகத்தில் போய்க் கேட்க வேண்டிய கட்டம் அது.

இவ்வளவும் ஒரு வரிக்குரிய பரவலைப் பற்றியது. இதைவிடப் பெரிய சேதம் வரிகளுக்கிடையே உள்ள உறவில் நடக்கிறது. 200 வரி என்பது 10 நாள், நாளுக்கு 20 படகு. அன்றைக்கு நீரோட்டம் எப்படியோ, காற்று எப்படியோ, 20 படகுக்கும் அதேதான். ஒரே நாளைச் சேர்ந்த இரு படகுகளின் ஒட்டுறவு 0.3 என்றால் வீக்கக் காரணி (சராசரிக் கணிப்பின் வேரியன்ஸ் எத்தனை மடங்கு ஊதுகிறது என்பது) 1 + 19 × 0.3 = 6.7. உங்களிடம் இருக்கும் 200 வரி, சராசரியைக் கணிக்கும் வேலைக்கு, 30 சுயேச்சையான வரிக்குச் சமம். ஸ்டாண்டர்ட் எரரை (கணிப்பு எவ்வளவு தவறலாம் என்ற அளவை) இரண்டரை மடங்கு குறைத்துச் சொல்லியிருப்பீர்கள். காற்றின் வேகம், நிலவின் நாள் போல நாளுக்கு ஒன்றாக இருக்கும் காரணிகளைச் சோதித்தால் நிலைமை இன்னும் மோசம்: அந்தக் கேள்விக்கு உங்கள் மாதிரி அளவு வெறும் 10. மாடலில் நாளுக்கு ஒரு ரேண்டம் எஃபெக்ட் (அந்த நாளுக்கே உரிய ஏற்ற இறக்கம்), படகு திரும்பத் திரும்ப வந்தால் படகுக்கு ஒன்று என்று சேர்க்க வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஜிஎல்எம்எம்-டிஎம்பி தொகுப்பு நெகட்டிவ் பைனாமியலோடு இதைச் செய்யும். கிராஸ் வேலிடேஷன் (தரவில் ஒரு பகுதியை மறைத்து வைத்து மாடலைச் சோதிப்பது) செய்யும்போதும் வரிகளைக் குலுக்கிப் பிரிக்காமல் முழு நாளாக வெளியே எடுத்து வையுங்கள். குலுக்கினால், காலை 9 மணிக்கு வந்த படகை வைத்து 9:15-க்கு வந்த படகைக் கணித்துவிட்டு, மாடல் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

பல ஆண்டுத் தரவு என்றால் தடைக்காலம் குறுக்கே நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. முன்பு இது 45 நாள்தான். பழைய ஆண்டுகளில் ஜூன் முதல் வாரம் 'தடை முடிந்த பிறகு', இப்போது அதே வாரம் 'தடைக்குள்'. மாதம் என்பதை ஒரு காரணியாகப் போட்டுவிட்டு ஜூனை ஜூனோடு ஒப்பிட்டால் மீன்வளம் சரிந்துவிட்டது என்று படம் வரும். தடை நீங்கி எத்தனையாவது நாள் என்பதைத் தனி மாறியாக வையுங்கள். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை, ஆனால் விசைப்படகு இல்லாத கடலில் அவற்றின் பாடும் மாறும், கரையில் விலையும் மாறும். ஆகவே படகு வகையும் தடைக்காலமும் சேர்ந்த இடைவினை (ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது) கட்டாயம் வேண்டும்.

மழைக்கு வேறு இலக்கணம். தினசரி மழையில் பெரும்பாலான நாள் பூஜ்யம், மீதி நாள் காமா பரவல் போலச் சரிந்தது: சிறு மழை நிறைய, பெருமழை அரிது. மழை நாள் என்று வானிலைத் துறை கணக்கிடுவது 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளைத்தான். இந்த வரம்பை வைத்து இரண்டு பகுதி மாடல் போட்டால் விதைப்பு, பாசனம் போன்ற கேள்விகளுக்குப் போதும். வடிகால் வடிவமைப்புக்கு அது பயன்படாது. காமாவை நிர்ணயிப்பது ஆயிரக்கணக்கான சாதாரண மழை நாட்கள். நமக்கு வேண்டியது வாலின் நுனி, அதாவது அரிதாகக் கொட்டும் பெருமழை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கு முந்தைய உச்சம் என்று அப்போது செய்திகளில் சொல்லப்பட்டது 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 செ.மீ. பழைய உச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இதை 'கணிக்கவே முடியாதது' என்று ஒதுக்குவதற்கு முன் எந்த மாடல் அப்படிச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டு உச்ச மழைக்கு கம்பெல் பரவல் பொருத்துவது பொறியாளர்களின் நெடுநாள் வழக்கம். ஓர் உதாரணக் கணக்கு: இட அளபுரு (பரவல் எங்கே நிற்கிறது என்ற எண்) 10 செ.மீ., பரப்பு அளபுரு (எவ்வளவு விரிகிறது என்ற எண்) 3 செ.மீ. என்றால் 45 செ.மீ.யைத் தாண்ட கம்பெல் சொல்லும் மீள்காலம் (சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது) 1,17,000 ஆண்டு. அதே இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு, வால் வடிவத்தைக் காட்டும் மூன்றாவது அளபுருவை 0-விலிருந்து 0.2-க்கு நகர்த்தினால், அதாவது பொதுமைப்படுத்திய உச்சமதிப்புப் பரவலுக்குப் போனால், மீள்காலம் ஏறத்தாழ 410 ஆண்டு. லட்சத்திலிருந்து நூற்றுக்கு இறங்குகிறது.

வேதனை என்னவென்றால், 40 ஆண்டுத் தரவில் அந்த வடிவ எண்ணின் ஸ்டாண்டர்ட் எரரே 0.1-க்கு மேல் போகும். 0-வா 0.2-வா என்று தரவு நிச்சயமாகச் சொல்லாது. கம்பெல்லை எடுத்தவர் வடிவம் பூஜ்யம் என்று கண்டுபிடிக்கவில்லை, அனுமானித்துக்கொண்டார். ஒரு பரிகாரம் பக்கத்து நிலையங்களைச் சேர்ப்பது: கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவ எண், இட அளபுரு மட்டும் தனித்தனி. அதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே புயல் நாலு நிலையத்திலும் பதிவானால் அது நாலு சாட்சி இல்லை. இன்னொன்று, வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. 8:30-ஐ நடுவில் வைத்துப் பெய்த மழை இரண்டு வரியாக உடைந்துவிடும். அதனால்தான் ஒருநாள் பதிவிலிருந்து உண்மையான 24 மணி நேர உச்சத்துக்குப் போக 1.13-ஆல் பெருக்கும் வழக்கம் நீரியலில் இருக்கிறது. வடிகால் கட்டுபவருக்கு ஒற்றை மீள்கால எண்ணைக் கொடுக்காமல் நம்பிக்கை இடைவெளியோடு கொடுங்கள். இடைவெளி வெட்கப்படும் அளவுக்கு அகலமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரக் கிணற்று நீர், கடலோர நிலத்தடி நீர் என்று ஆய்வகத் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. 'கண்டறியும் வரம்புக்குக் கீழே' என்று வந்த முடிவுகளுக்கு வரம்பில் பாதியைப் போட்டு நிரப்பாதீர்கள். நடுவில் ஆய்வகம் புதுக் கருவி வாங்கி வரம்பு 10-லிருந்து 2-க்கு இறங்கினால், நிரப்பிய எண் 5-லிருந்து 1-க்கு இறங்கும். கிணற்றில் எதுவும் மாறாமலே மாசு குறைந்ததாக வரைபடம் வரும். வரம்புக்குக் கீழே எங்கோ இருக்கிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் சென்சர்டு மாடல்கள் பெரும்பாலான புள்ளியியல் மென்பொருளில் உண்டு.

ஏஐசி (மாடல்களை ஒப்பிடப் பயன்படும் மதிப்பெண்) பார்த்து மாடல் தேர்வதைப் பற்றி. புள்ளியியலாளர் அகைகே 1970-களில் கொடுத்த இந்த அளவுகோல் நல்லதுதான். கையாளும் விதத்தில்தான் குற்றம். லாக் எடுத்த தரவில் வந்த ஏஐசி-யையும் எடுக்காத தரவில் வந்ததையும் நேராக ஒப்பிட முடியாது. ஒரு மாடலில் காற்று வேகம் விடுபட்ட 14 வரி தானாக நீங்கிவிட்டது, இன்னொன்றில் நீங்கவில்லை என்றாலும் ஒப்பிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டியில் இருப்பவற்றுள் எது தேவலாம் என்றுதான் அது சொல்லும். எல்லாமே மோசமாக இருந்தால் அதில் நல்ல மோசத்தைத் தேர்ந்து கொடுக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை எளிமையானது. பொருத்திய மாடலிலிருந்து 1,000 போலித் தரவுத் தொகுப்புகளைப் பிறப்பியுங்கள். ஒவ்வொன்றிலும் பூஜ்யங்கள் எத்தனை, மிகப் பெரிய எண் எது, ஒரு நாளுக்குள் படகுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மூன்று எண்களைக் குறியுங்கள். உண்மைத் தரவின் அந்த மூன்று எண்களும் 1,000 போலிகளுக்கு நடுவில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பூஜ்யமும் உச்சமும் பொருந்தி, மூன்றாவது மட்டும் ஓரத்தில் விழுந்தால் நாள் எஃபெக்டை மறந்திருக்கிறீர்கள். ஆரில் தார்மா என்ற தொகுப்பு இந்த வேலையில் பாதியைச் செய்து தரும். எந்த எண்ணைக் குறிப்பது என்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

கடைசியில் அந்தக் கணக்கை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? நாளைக்கு எவ்வளவு ஐஸ் உடைத்து வைக்க வேண்டும் என்று ஒரு வியாபாரி கேட்கிறார் என்று வையுங்கள். 20 படகு, படகுக்குச் சராசரி 6 கூடை, ஆக 120 கூடை. ஐஸ் மிஞ்சினால் உருகும் செலவு. குறைந்தால் மீன் கெட்டு விலை விழும். குறைந்தால் வரும் நட்டம் மிஞ்சினால் வருவதைப் போல் 9 மடங்கு என்றால், தயாராக இருக்க வேண்டிய அளவு 90-ஆவது சதமானம் (10 நாளில் 9 நாள் மீன்வரத்து தாண்டாத அளவு): 9 ÷ (9 + 1). படகுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று கொண்டால் மொத்தத்தின் திட்ட விலக்கம் 49. 90-ஆவது சதமானம் ஏறத்தாழ 185 கூடை. ஒரே கடல், ஒட்டுறவு 0.3 என்பதைச் சேர்த்தால் திட்ட விலக்கம் 127. சதமானம் ஏறத்தாழ 280. இரண்டு மாடலும் சொல்லும் சராசரி அதே 120-தான், வித்தியாசம் 95 கூடைக்கான ஐஸ்.

எது சரி என்று அறிய ஒரு மாதம் போதும். மீன்வரத்து, சொன்ன அளவைத் தாண்டிய நாட்களை எண்ணி வரச் சொல்லுங்கள். 30 நாளில் 3 நாள், கூடக் குறைய ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். 8 நாள் தாண்டியிருந்தால் திரும்பவும் நாள் எஃபெக்டிலிருந்து ஆரம்பியுங்கள்.